பரிணாமம், படைப்புவாதம் இரண்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் கேள்வி இதுதான். உங்கள் மகள் அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் படிக்கப் போகிறாள். அந்த நாட்டில் பாதிப் பேர் மனிதனைக் கடவுள் நேரடியாகப் படைத்தார் என்று நம்பும்போது, 'வெறும் தியரி'யான பரிணாமத்தை மட்டும் ஏன் நடத்த வேண்டும்? படைப்புவாதத்தையும் கூடவே சொல்லிவிட்டு, முடிவைப் பிள்ளைகளிடம் விட்டால் என்ன? நீதிமன்றங்கள் ஏன் குறுக்கே நிற்கின்றன? பார்க்க ஒரே கேள்வியாக இருந்தாலும் இதில் சட்டம், அறிவியல், மக்கள் மனநிலை என்று மூன்று சங்கதிகள் பின்னிக்கிடக்கின்றன. இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் அறிவியலைக் கேட்டால் சட்டத்தைக் காட்டும், சட்டத்தைக் கேட்டால் கருத்துக்கணிப்பைக் காட்டும். எனவே ஒவ்வொன்றாகப் பிரித்தே சொல்கிறேன்.

நான் அங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாக உயிரியல் நடத்துபவள். சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் இந்தப் பாடத்தை நடத்துகிற எவருக்கும் அந்தத் தீர்ப்புகளை ஓரளவு தெரிந்துவைத்திருக்காமல் முடியாது. எது எங்கள் வேலை, எது எங்கள் வேலை இல்லை என்பதை அவைதான் வகுத்தன.

சட்டத்தின் கதை 1925-ல் டென்னிசி மாநிலத்தின் டேட்டன் ஊரில் தொடங்குகிறது. மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பதை அந்த ஆண்டு டென்னிசி தடைசெய்தது. அதை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது வழக்கு. நூறு டாலர் அபராதம் விதித்தார்கள். அபராதத் தொகையை ஜூரி முடிவுசெய்யாமல் நீதிபதியே முடிவுசெய்தார் என்ற நடைமுறைக் குறையைக் காட்டி 1927-ல் மேல்நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சட்டமோ 1967 வரை புத்தகத்தில் இருந்தது. இந்த வழக்கை அறியாமைக்கும் அறிவுக்கும் நடந்த போர் என்று சொல்வது வழக்கம். அது அவ்வளவு சுத்தமான கதை இல்லை. ஸ்கோப்ஸ் பயன்படுத்திய உயிரியல் பாடநூலில் பரிணாமத்தோடு, மனித இனத்தைப் பொறுக்கி மேம்படுத்தலாம் என்கிற யூஜெனிக்ஸும் பாடமாக இருந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் கவலைகளில் ஒன்று, 'வலியது வாழும்' என்ற பேச்சு எளியவர்களை நசுக்கப் பயன்படும் என்பது. உயிரியலைப் பற்றி அவர் சொன்னது தவறு. அந்தக் கவலை மட்டும் வெறும் கற்பனை அல்ல.

அதன்பின் பாடநூல்களில் பரிணாமம் அடக்கி வாசிக்கப்பட்டது என்பது பரவலான கருத்து. எவ்வளவு தூரம், அதற்கு இந்த வழக்குதான் காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. 1957-ல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவிய பிறகு அமெரிக்கா பதறிப்போய் அறிவியல் பாடங்களைத் திருத்தியது என்பதும், அறுபதுகளில் வந்த புதிய உயிரியல் நூல்கள் பரிணாமத்தை நடுவில் வைத்தன என்பதும் உறுதி. அந்தப் புதிய நூலை நடத்தினால் குற்றம், நடத்தாவிட்டால் வேலைக்குப் பொருந்தாதவர் என்ற இக்கட்டில் ஆர்கன்சாஸ் ஆசிரியை சூசன் எப்பர்சன் தொடுத்த வழக்கில்தான் 1968-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பரிணாமத்துக்கான தடைகள் செல்லாது என்றது. காரணம் அரசியலமைப்பின் முதல் திருத்தம்: அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது. ஒரு மதப்பிரிவின் வேதவிளக்கத்தோடு மோதுகிறது என்பதற்காக மட்டும் ஒரு பாடத்தை நீக்குவது அரசின் வேலை அல்ல.

உங்கள் 'இரண்டையும் சொல்லுங்கள்' யோசனை அதற்குப் பிறகுதான் பிறந்தது. தடுக்க முடியாது என்றானதும், சமநேரம் கொடு என்று கேட்டார்கள். 1981-ல் ஆர்கன்சாஸ் அப்படியே ஒரு சட்டம் போட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களைப் பாருங்கள். முதல் பெயர் ஒரு மெதடிஸ்ட் போதகருடையது. உடன் கத்தோலிக்க, எபிஸ்கோப்பல், மெதடிஸ்ட் ஆயர்களும் இருந்தார்கள். நாத்திகர்கள் ஒரு பக்கம், ஆத்திகர்கள் மறுபக்கம் என்ற படம் அங்கேயே கிழிந்துவிட்டது. 1982-ல் அந்தச் சட்டம் விழுந்தது. லூசியானாவின் அதே மாதிரிச் சட்டத்தை 1987-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் ரத்து செய்தது. 'படைப்பு அறிவியல்' என்ற பெயரில் வருவது ஒரு குறிப்பிட்ட மதநம்பிக்கையே என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் தெளிவான மதச்சார்பற்ற நோக்கத்தோடு, உயிர்களின் தோற்றம் குறித்துப் பல அறிவியல் கோட்பாடுகளைக் கற்பிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த ஒரு கதவு வழியாக நுழைந்ததுதான் 'அறிவார்ந்த வடிவமைப்பு'. உயிர்களின் சிக்கலான உறுப்புகளை யாரோ வடிவமைத்திருக்க வேண்டும், யார் என்று நாங்கள் சொல்லவில்லை என்ற வாதம்.

அந்த வாதம் நீதிமன்றக் கூண்டில் ஏறிய இடம் பென்சில்வேனியாவின் டோவர். 2004-ல் அந்த ஊர்ப் பள்ளி வாரியம், பரிணாமத்தில் இடைவெளிகள் உண்டு, மாற்றாக அறிவார்ந்த வடிவமைப்பு உண்டு, அதற்கு நூலகத்தில் ஒரு புத்தகமும் உண்டு என்ற அறிக்கையை ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் வாசிக்கச் சொன்னது. அங்கிருந்த உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். தெரிந்தே பாடத்தைத் திரித்துச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில்நெறி என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்குள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். என்னைக் கேட்டால் இந்த நூறு ஆண்டுச் சண்டையில் ஆசிரியர்கள் பெருமைப்பட வேண்டிய தருணம் ஸ்கோப்ஸ் வழக்கு அல்ல, இதுதான்.

பெற்றோர் பதினொரு பேர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் தரப்பின் முக்கிய சாட்சியான உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். இன்னொரு சாட்சி ஜான் ஹாட் கத்தோலிக்க இறையியலாளர். நூலகத்தில் வைத்த அந்தப் புத்தகத்தின் பழைய வரைவுகளை வரவழைத்துப் பார்த்தபோது, 1987 தீர்ப்புக்கு முன் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடங்களில் தீர்ப்புக்குப் பின் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருந்தது தெரியவந்தது. ஓரிடத்தில் மாற்றியது சரியாக விழாமல் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு ஒரு விநோதப் பிராணியாக அந்த வரைவில் நின்றது. உயிரினங்களிடையே இடைநிலை வடிவமே கிடையாது என்று சொல்பவர்களின் புத்தகத்திலேயே இப்படி ஒன்று அகப்பட்டது என்று இன்றும் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், இது அறிவியல் அல்ல, படைப்புவாதத்தின் மறுபெயர் என்றார். அவரை நியமித்தவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்பே அந்த வாரியத்தைத் தேர்தலில் ஊர்மக்கள் தோற்கடித்திருந்தார்கள். வழக்குச் செலவாக எதிர்த்தரப்புக்குப் பள்ளி மாவட்டம் கொடுத்தது பத்து லட்சம் டாலர்.

இதில் உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படைப்புவாதத்தை அறிவியலாகக் கற்பிக்க முடியாது என்பது 1987-லிருந்து இன்றுவரை நாடு முழுவதும் சட்டம். தனியார் பள்ளிக்கும் வீட்டில் வைத்துக் கற்பிப்பவர்களுக்கும் இது பொருந்தாது. அரசுப் பள்ளியிலேயே மதங்களை ஒப்பிடும் பாடத்தில் படைப்புக் கதைகளைப் பேசத் தடையில்லை. டோவர் தீர்ப்பு பெரிதாகப் பேசப்பட்டாலும், புதிய வாரியம் மேல்முறையீட்டுக்குப் போகாததால், சட்டப்படி அது அந்த மாவட்ட நீதிமன்றத்தின் எல்லைக்குள் நின்றுவிட்டது. மற்ற நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. இந்தத் தீர்ப்புகள் அரசின் மதச்சார்பின்மையை அளக்கப் பயன்படுத்திய சோதனைமுறையை, 2022-ல் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரின் பிரார்த்தனை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிட்டது. 1987 தீர்ப்பை அது தொடவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு சாய்ந்துகொண்டிருந்த சுவர் இப்போது இல்லை. நாளை ஒரு மாநிலம் மீண்டும் முயன்றால் என்ன ஆகும் என்று சட்டப் பேராசிரியர்களே அடித்துச் சொல்வதில்லை. லூசியானாவில் 2008-லும் டென்னிசியில் 2012-லும் வந்த சட்டங்கள் படைப்புவாதத்தின் பெயரையே எடுக்காமல், பரிணாமம் போன்ற பாடங்களை 'விமர்சன நோக்கில்' அணுக ஆசிரியருக்கு இடம் தருகின்றன. அவை இன்னும் நடப்பில் உள்ளன.

சட்டத்தை விடுங்கள். நீதிமன்றமே இல்லாத நாட்டிலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் ஒப்பமாட்டேன். அதற்குக் காரணம் அறிவியல். 'வெறும் தியரி' என்பதற்கு விளக்கவுரை எழுதுவதைவிட ஒரு சோதனையைக் காட்டுகிறேன். மனிதனுக்கு 46 குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 48. எல்லோருக்கும் பொதுவான மூதாதை இருந்தால் ஒரு ஜோடி எங்கே போனது? ஒரு ஜோடியே தொலைந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்காது. ஆக, இரண்டு குரோமோசோம்கள் நம் மூதாதையரில் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடயம் இருக்கும். குரோமோசோமின் நுனிகளில் மட்டுமே இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை, நடுவில் முட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். மையப்பகுதியான சென்ட்ரோமியர் ஒன்றுக்கு இரண்டாக, அதில் ஒன்று செயலிழந்து இருக்க வேண்டும். தேடினார்கள். மனிதனின் 2-ஆம் குரோமோசோமில் சொன்ன இடத்தில் சொன்னபடி இரண்டும் இருந்தன. ஒட்டிய இடம் 1991-லேயே கண்டுபிடிக்கப்பட்டது, 2005-ல் முழு வரிசையும் வெளியானது. மில்லர் டோவர் நீதிமன்றத்தில் காட்டியதும் இதைத்தான். அந்தத் தடயம் இல்லாமல் போயிருந்தால் பொதுமூதாதைக் கருத்துக்குப் பெரிய அடி விழுந்திருக்கும். இப்படித் தோற்கும் வாய்ப்பை முன்வைத்துவிட்டு நிற்பதுதான் அறிவியல். படைப்புவாதத்தில் 46 இருந்தாலும் சரி, 48 இருந்தாலும் சரி, கடவுள் அப்படிச் செய்தார் என்று முடித்துவிடலாம். அது நம்பிக்கைக்குக் குறை அல்ல. ஆனால் ஆய்வகத்தில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

உயிரியலுக்குள் சண்டைகளே இல்லையா என்றால், நிறைய உண்டு. மரபணு மாற்றங்களில் எவ்வளவு இயற்கைத் தேர்வால் நிலைத்தது, எவ்வளவு தற்செயலாக நிலைத்தது என்ற விவாதம் 1968-ல் மோட்டூ கிமுரா கிளப்பியதிலிருந்து ஓயவில்லை. முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது திறந்த கேள்வி, அதைத் தீர்ந்துபோனது போல் நடத்துகிற ஆசிரியர் தவறு செய்கிறார். உயிரினங்கள் பொதுமூதாதையிலிருந்து மாறி வந்தன என்பதில் மட்டும் சண்டை இல்லை. 2014-ல் பியூ ஆய்வு மையம் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்து உறுப்பினர்களைக் கேட்டபோது, மனிதன் காலப்போக்கில் பரிணமித்தவன் என்றவர்கள் 98 விழுக்காடு.

இனி உங்கள் 'பாதிப் பேர்'. எனக்கு மிகவும் சுவாரசியமான பகுதி இதுதான். கேலப் நிறுவனம் 1982-லிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறது. கடவுள் மனிதனைக் கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் இப்போதுள்ள உருவிலேயே படைத்தார் என்றவர்கள் அப்போது 44 விழுக்காடு, 2024-ல் 37. கடவுளின் வழிகாட்டலில் பரிணமித்தான் என்பவர்கள் 38-லிருந்து 34. கடவுளின் பங்கில்லாமல் பரிணமித்தான் என்பவர்கள் 9-லிருந்து 24. பாதி என்பது ஏற்கெனவே மிகை. அந்த 37-உம் கல்லில் எழுதியது அல்ல. பியூ மையம் 2018-ல் ஒரு பரிசோதனை செய்தது. ஒரு குழுவிடம் முதலில் 'மனிதன் பரிணமித்தானா, எப்போதும் இப்படியே இருந்தானா' என்று கேட்டுவிட்டு, பரிணமித்தான் என்றவர்களிடம் மட்டும் அடுத்துக் கடவுளின் பங்கைக் கேட்டார்கள். 31 விழுக்காட்டினர் எப்போதும் இப்படியே என்றார்கள். இன்னொரு குழுவிடம் 'கடவுள் வழிகாட்டிய பரிணாமம்' என்ற வாய்ப்பையும் தொடக்கத்திலேயே வைத்துக் கேட்டார்கள். 31 என்பது 18 ஆனது. வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடம் மட்டும் பார்த்தால் 66, 38 ஆனது. கேட்ட விதம் மாறியதும், கடவுளை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று தெரிந்ததும், ஏராளமானோர் பரிணாமத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது 2012-ல் நடந்த இன்னொரு பரிசோதனை. பொதுமக்களின் அறிவியல் அறிவை அளக்கும் தேசியக் கணக்கெடுப்பில், 'இன்றைய மனிதர்கள் முந்தைய விலங்கினங்களிலிருந்து உருவானவர்கள், சரியா தவறா' என்ற கேள்விக்குச் சரி என்றவர்கள் 48 விழுக்காடு. 'பரிணாமக் கோட்பாட்டின்படி' என்று முன்னால் ஒட்டிக் கேட்டபோது 72. கோட்பாடு என்ன சொல்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் கேள்வி அவர்கள் காதில் உயிரியல் கேள்வியாக விழவில்லை. நீ யார், எந்த வீட்டுப் பிள்ளை, எந்தச் சபை என்ற கேள்வியாக விழுந்தது.

உங்கள் யோசனையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து 'நீயே முடிவு செய்' என்றால், பதினான்கு வயதுப் பிள்ளையிடம் நாம் 72 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லும் கேள்வியைக் கேட்கவில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க, 48 விழுக்காட்டினர் சொல்லும் கேள்வியைக் கேட்கிறோம். முதல் வரிசையில் போதகரின் மகன் உட்கார்ந்திருப்பான். அவன் எதைத் தேர்ந்தாலும் வீட்டையோ வகுப்பையோ பகைக்க வேண்டும். இதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு என் வகுப்பில் உள்ள கடமை, பரிணாமம் எப்படி வேலை செய்கிறது, ஆதாரம் என்ன என்று புரிந்துகொள்வது மட்டுமே. நம்ப வேண்டும் என்ற நிபந்தனை எந்தத் தேர்விலும் கிடையாது. 'மிஸ், இதைப் படித்தால் நான் சர்ச்சுக்குப் போகக் கூடாதா?' என்று நேராகக் கேட்ட பிள்ளைகள் உண்டு. 1950-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் இதை ஆராயத் தடையில்லை என்றதையும், பரிணாமத்தின் ஒளியில் அல்லாமல் உயிரியலில் எதற்கும் பொருளில்லை என்று எழுதிய மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி ஓர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் என்பதையும் சொல்வேன். பரிணாமத்தை மறுக்கிற சபைகளும் உண்டு என்பதையும் மறைக்கமாட்டேன். அதற்குமேல் அது என் பாடம் அல்ல.

இப்படி நடத்தினால் பிள்ளைகள் பரிணாமத்தை ஏற்கத் தொடங்குவார்களா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அறிவு கூடினால் ஏற்பும் கூடுகிறது என்கின்றன சில. மதப்பற்றுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணி என்கின்றன சில. மத நம்பிக்கையுள்ள விஞ்ஞானிகளைப் பற்றிச் சொல்வது பலன் தருகிறது என்று காட்டும் ஆய்வுகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம் நடந்தவை. பள்ளிக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

நீதிமன்றத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. அரசியல் அறிவியலாளர்கள் மைக்கேல் பெர்க்மனும் எரிக் புளட்சரும் 2007-ல் 926 உயிரியல் ஆசிரியர்களிடம் கணக்கெடுத்தார்கள். பரிணாமத்தைத் தெளிவாக, தயங்காமல் நடத்துகிறவர்கள் சுமார் 28 விழுக்காடு. படைப்புவாதத்தை வெளிப்படையாக ஆதரிப்பவர்கள் சுமார் 13. மீதி சுமார் அறுபது விழுக்காட்டினர் நடுவில். தேர்வுக்கு வரும், படித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பாக்டீரியாவைச் சொல்வார்கள், மனிதனைத் தொடமாட்டார்கள். ஆண்டிறுதியில் நேரமில்லை என்று அத்தியாயத்தையே தாண்டுவார்கள். ஆசிரியர் அறையில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படைப்புவாதிகள் அல்ல. பெற்றோரின் தொலைபேசி அழைப்புக்குப் பயப்படுபவர்கள், பலர் கல்லூரியில் பரிணாமத்தைத் தனிப்பாடமாகப் படிக்காதவர்கள். எந்தத் தீர்ப்பும் இவர்களை எட்டாது, ஏனென்றால் சொல்லாமல் விட்டதற்கு வழக்குப் போட முடியாது. நிலைமை தேறுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2019-ல் மறுபடி கேட்டபோது, வேறொரு அளவுகோலின்படி, படைப்புவாதத்துக்கு இடம் கொடுக்காமல் அறிவியல் உலகின் ஒருமித்த கருத்தை அழுத்திச் சொல்கிறவர்கள் 51-லிருந்து 67 விழுக்காடாகியிருந்தார்கள். 2013-ல் வந்த புதிய அறிவியல் பாடத்தரங்கள் பரிணாமத்தை மையக் கருத்துகளில் ஒன்றாக வைத்ததை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். எல்லா மாநிலமும் அவற்றை ஏற்கவில்லை.

எனவே உங்கள் மகளின் பள்ளியில் படைப்புவாதம் சேர்க்கப்படுகிறதா என்று தேடாதீர்கள். பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் உயிரியல் ஆசிரியரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: பரிணாமத்துக்கு எத்தனை வாரம், அதில் மனிதப் பரிணாமம் உண்டா. வாரக்கணக்கில் நேரம் ஒதுக்கி, ஆதாரங்களைப் பிள்ளைகள் கையாலேயே அலசவைக்கிற ஆசிரியராக இருந்தால் விட்டுவிடுங்கள், நல்ல கையில் இருக்கிறாள். 'மே மாதம் நேரம் இருந்தால் பார்ப்போம்' என்று பதில் வந்தால், பாடத்திட்டத்தில் இது எங்கே இருக்கிறது என்று பணிவாகக் கேட்டு, மின்னஞ்சலிலும் எழுதிப் போடுங்கள். அந்தப் பாடத்தை நடத்தச் சொல்லி ஒரு பெற்றோராவது கேட்டார் என்பது, தயங்கி நிற்கிற ஆசிரியருக்குத் தலைமை ஆசிரியரிடம் காட்ட ஒரு காகிதமாகும்.